ஆஷ் மரத்துக்கு மருந்து இப்பவா, அடுத்த வசந்தத்துலயா? பச்சை வண்டு எப்ப வெளிய வருது?

மேப்பிள்நிழல் | ஆகஸ்ட் 22
எல்லாருக்கும் வணக்கம். நாங்க மினியாப்பொலிஸ் பக்கம் இருக்கோம். வீட்டுக்கு முன்னாடி ஒரு பெரிய ஆஷ் மரம், பின்னாடி ஒன்னு கொஞ்சம் சின்னது. இந்த வருஷம் முன்மரத்தோட உச்சி மொட்டையா தெரியுது, கீழ அடிமரத்துல மட்டும் குச்சி குச்சியா புது துளிர் கிளம்பியிருக்கு, பட்டைலயும் ஒரு நீள வெடிப்பு. எதிர்வீட்டுக்காரர் வந்து பாத்துட்டு எமரால்டு ஆஷ் போரர்ங்கற பச்சை வண்டுன்னு சொல்லிட்டு போயிட்டாரு. ரெண்டு கம்பெனிய கூப்பிட்டு கேட்டேன். ஒருத்தர் இந்த வாரமே ஊசி போடணும் இல்லன்னா மரம் போச்சுங்கறார், இன்னொருத்தர் இப்ப போட்டா காசு தண்டம், ஏப்ரல்ல வேர்ல மருந்து ஊத்திக்கலாம்ங்கறார். ரெண்டு பேரும் விக்கறவங்க, யார் சொல்றத கேக்கறது? அப்புறம் -30 வரைக்கும் போகுற ஊர்ல இந்த வண்டு எப்படிங்க உயிரோட இருக்கு?

டெட்ராய்ட்_பழசு | ஆகஸ்ட் 22
வாங்க. இந்த வண்டு அமெரிக்காவுல முதல்ல பிடிபட்டதே எங்க ஊர்லதான், 2002ல, டெட்ராய்ட் பக்கமும் ஆத்துக்கு அந்தப்பக்கம் கனடால வின்ட்ஸர்லயும். ஆனா செத்த மரங்களோட வளையத்தை எண்ணி பாத்தவங்க 90கள்லயே வந்து குடியேறிடுச்சுன்னு சொல்லிட்டாங்க, அதாவது நமக்கு தெரியறதுக்கு முன்னாடியே பல வருஷம் சத்தமில்லாம தின்னுட்டு இருந்திருக்கு. சொந்த ஊர் கிழக்கு ஆசியா, சீனா கொரியா பக்கம், சரக்கு பெட்டி மரக்கட்டைல வந்திருக்கும்னுதான் எல்லாரும் நம்பறாங்க.

உங்க கேள்விக்கு பதில் சொல்லணும்னா முதல்ல இது ஒரு வருஷத்துல என்ன பண்ணுதுன்னு தெரியணும். வண்டு வெளிய வர்றது மே கடைசி, ஜூன் வாக்குல. வந்த உடனே முட்டை போடாது, ஒரு வாரம் போல ஆஷ் இலைய கடிச்சுட்டு இருக்கும், அப்புறம் ஜோடி சேரும், பொம்பள வண்டு இன்னும் ஒன்னு ரெண்டு வாரம் தின்னுட்டுதான் பட்டை இடுக்குல முட்டை வைக்கும். முட்டை பொரிய ரெண்டு வாரம் வரைக்கும் ஆகும். பொரிஞ்ச புழு நேரா பட்டைக்குள்ள துளைச்சு போயிடும், அப்புறம் கோடை முழுக்க, இலையுதிர் காலம் வரைக்கும் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவுல இருக்கற அந்த உயிர்ச்சதைய வளைஞ்சு வளைஞ்சு தின்னுட்டே போகும். மரத்தை கொல்றது இந்த புழுதான், வண்டு இலைய கடிக்கறதெல்லாம் மரத்துக்கு ஒன்னும் பண்ணாது. மரத்தோட சாப்பாட்டு பாதைய சுத்தி சுத்தி அறுத்துடுது, மேல கிளை காயுது, மரம் பயந்துபோய் கீழ துளிர் விடுது. நீங்க பாத்த துளிர் அதுதான்.

இப்ப ஆகஸ்ட் கடைசி. பறக்கற வண்டு ஏறக்குறைய முடிஞ்சிடுச்சு, புழு உள்ள பெருசாகிட்டு இருக்கு. இதை மனசுல வச்சுக்கிட்டு ரெண்டு கம்பெனி சொன்னதையும் பாருங்க.

கரோலினா_காத்து | ஆகஸ்ட் 22
ஒரு நிமிஷம், முதல்ல அது அந்த வண்டுதானான்னு உறுதி பண்ணுங்க. எங்க பக்கம் ஏப்ரல்ல தரையில பளபளன்னு பச்சையா ஒரு வண்டு ஓடும், டைகர் பீட்டில், அதை பாத்துட்டு எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல வருஷா வருஷம் ஒரு கலாட்டா நடக்கும். அது நல்ல வண்டுங்க, மத்த பூச்சிய பிடிச்சு திங்கும். ரோஜா செடிய அரிக்கறது ஜப்பானிய வண்டு, அது வேற. ஆஷ் போரர் ஒல்லியா, அரை இஞ்ச் நீளம்கூட இருக்காது, இறக்கைய தூக்கி பாத்தா உள்ள முதுகு செம்பு கலர்ல மின்னும்.

மரத்துல ஓட்டை பாருங்க. வெளிய வந்த ஓட்டை அரைவட்டமா, ஒரு பக்கம் நேரா ஒரு பக்கம் வளைவா இருக்கும், அகலம் ஒரு இஞ்ச்ல எட்டுல ஒரு பங்குதான். முழு வட்டமா இருந்தா அது உள்ளூர் துளைப்பான், காஞ்ச கிளைக்கு வர்றது, அதுக்கு இவ்ளோ பதட்டம் வேணாம்.

மேப்பிள்நிழல் | ஆகஸ்ட் 23
காலைல ஏணி போட்டு பாத்தேன். வெடிப்பு இருக்கற இடத்துல பட்டை லேசா தூக்கிட்டு இருந்துச்சு, உள்ள பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி நெளிநெளியா பவுடர் அடைச்ச கோடு. அரைவட்ட ஓட்டையும் இருக்கு. ஆக அதேதான். பின்மரத்துல எதுவும் தெரியல, இலையும் முழுசா இருக்கு.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 23
ஓஹையோல இருந்து. பழசு அண்ணன் சொன்ன மே கடைசி ஜூன்ங்கறது அவர் ஊருக்கு சரி. கரோலினால ஏப்ரல்-மேலயே வந்துடும், மினசோட்டால அதை விட தள்ளி போகும், அதே ஊர்லயே ஒரு வருஷத்துக்கும் இன்னொரு வருஷத்துக்கும் ரெண்டு வாரம் முன்ன பின்ன ஆகும். அதனால தேதிய பிடிச்சுக்கிட்டு தொங்காதீங்க, பூச்சிக்கு காலண்டர் தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஜனவரி 1ல இருந்து தினமும் அதிகபட்ச வெப்பத்தையும் குறைஞ்சபட்ச வெப்பத்தையும் கூட்டி ரெண்டால வகுங்க, அதுல இருந்து 50 பாரன்ஹீட்டை கழிங்க. உதாரணத்துக்கு பகல்ல 76, ராத்திரி 54ன்னா சராசரி 65, அன்னைக்கு கணக்குல 15 சேரும். 50க்கு கீழ போனா சைபர், மைனஸ் கிடையாது. இப்படி சேத்துட்டே வந்தா 450 முதல் 550 ஆகறப்ப வண்டு வெளிய வர ஆரம்பிக்கும். 1000 வாக்குல உச்சம். இதுக்கு வளர்வெப்ப நாள் கணக்குன்னு பேரு, கனடாகாரங்களுக்கு செல்சியஸ்ல கழிக்க வேண்டியது 10 டிகிரி, 450ங்கறது 250 ஆகிடும்.

தினமும் கூட்டிட்டு இருக்க பொறுமை இல்லன்னா ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி தளத்துல ஓஹையோ ஜிப் கோடு போட்டா அன்னைய எண்ணிக்கை வரும், மத்த மாநிலத்துக்கு தேசிய பினாலஜி நெட்வொர்க் மேப் இருக்கு. ஒரு தளத்துல ஒரு நம்பர், இன்னொன்னுல வேற நம்பர் வந்தா குழம்பாதீங்க, சில பேர் மார்ச் 1ல இருந்து எண்ணுவாங்க, சில பேர் சராசரிய வேற விதமா எடுப்பாங்க. ஒரே தளத்தை பிடிச்சு அதையே பாருங்க.

டெட்ராய்ட்_பழசு | ஆகஸ்ட் 23
கணக்கு பிடிக்காதவங்களுக்கு: பிளாக் லோகஸ்ட் மரம் வெள்ளை கொத்தா பூக்க ஆரம்பிச்சா வண்டு வெளிய வருதுன்னு அர்த்தம். நான் 15 வருஷமா அதைத்தான் பாக்கறேன், எந்த ஆப்பும் வேணாம்.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 23
பூ நல்ல அடையாளம்தான் அண்ணே, ஒத்துக்கறேன், ஆனா பூ பாத்துட்டு மருந்து ஊத்தினா லேட். அதுதான் நான் சொல்ல வந்ததே. வண்டுக்கு ஒரு கடிகாரம் இருக்கற மாதிரி மருந்துக்கும் ஒன்னு இருக்கு. வேர்ல ஊத்தற இமிடாக்ளோப்ரிட் பெரிய மரத்துல உச்சிக்கு ஏற 4ல இருந்து 6 வாரம் ஆகும். வண்டு இலைய கடிக்கறப்பவும், புது புழு பட்டைக்குள்ள நுழையறப்பவும் மருந்து அங்க ரெடியா இருக்கணும். அதனால வண்டு வர்ற நாள்ல இருந்து பின்னாடி எண்ணி 6 வாரம் முன்னாடி ஊத்தணும், நம்ம பக்கம் அது ஏப்ரல் பாதில இருந்து மே பாதி. அடிமரத்துல ஸ்ப்ரே பண்ற டைனோடெஃபுரான் வேகமா ஏறும், ரெண்டு மூணு வாரம் போதும், அதனால அதை மே கடைசில கூட அடிக்கலாம். மரத்துக்குள்ள நேரா ஊசி போடற எமமெக்டின் பென்சோவேட் அதை விட சீக்கிரம், ஆனா அது இலை முழுசா விரிஞ்ச பிறகுதான் போடணும், இலை இல்லன்னா மேல இழுக்க ஆள் இல்ல.

மேப்பிள்நிழல் | ஆகஸ்ட் 24
அப்ப இப்ப ஊசி போடலாம்னு சொன்னவர் ஏமாத்தறாரா?

டெட்ராய்ட்_பழசு | ஆகஸ்ட் 24
அப்படி சொல்ல முடியாது. இலை பச்சையா இருக்கு, மண்ணு ஈரமா இருக்குன்னா ஆகஸ்ட்ல போட்டாலும் எமமெக்டின் ஏறும், உள்ள இருக்கற புழுவ கொல்லவும் செய்யும். சிறந்த நேரம் ஜூன்தான், ஆனா ஏற்கனவே அடிபட்ட மரத்துல அடுத்த ஜூன் வரைக்கும் விட்டீங்கன்னா இலையுதிர் காலம் பூரா புழு தின்னுட்டு இருக்கும்ல. இந்த மருந்து ஒரு தடவை போட்டா ரெண்டு வருஷம், பல மரத்துல மூணு வருஷம் கூட தாங்கும், அதனால இப்ப போட்டது அடுத்த ஜூன்லயும் வேலை செய்யும். அவர் சொன்னதுல தப்பு அந்த "இல்லன்னா போச்சு" மிரட்டல்தான்.

ஏப்ரல்ல வேர்ல ஊத்தலாம்னு சொன்னவர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க, மரம் எவ்ளோ தடிமன்னு அளந்தாரா? தரையில இருந்து நாலரை அடி உயரத்துல டேப் வச்சு சுத்தளவு எடுத்து 3.14ஆல வகுங்க. விட்டம் 20 இஞ்ச் தாண்டின மரத்துக்கு வேர் மருந்த மட்டும் நம்பறது எனக்கு ஒத்துவராது, ஊசிதான்.

இதை விட முக்கியமான கேள்வி தலைப்பாகம் எவ்ளோ போயிருக்குங்கறது. பாதிக்கு மேல காஞ்சிருந்தா எந்த மாசம் எந்த மருந்து போட்டாலும் வேஸ்ட். ஏன்னா மருந்து மேல போறதும் மரத்தோட குழாய் வழியாதான். ஆஷ் மரத்துல தண்ணிய தூக்கறது கிட்டத்தட்ட வெளி ஓரத்து புது வளையம்தான், புழு அங்கயேதான் கீறி வச்சிருக்கு. குழாய் அறுந்த கிளைக்கு மருந்து எப்படி போகும்? 30 சதவீதம் வரைக்கும்னா தாராளமா காப்பாத்தலாம், அதுக்கு மேல போகப்போக யோசிச்சு செலவு பண்ணுங்க. சிகிச்சை குடுத்த முதல் வருஷம் மரம் இன்னும் கொஞ்சம் மோசமா தெரியும், அதுக்கு பயப்படாதீங்க, பழைய காயம் வெளிய தெரியறதுதான்.

ஸ்காபரோ_அக்கா | ஆகஸ்ட் 24
நான் ரொறொன்ரோவில இருக்கிறன். இங்க கனபேர் போடுவிக்கிறது ட்ரீஅசின் எண்டு ஒரு ஊசி. அது வேற ஒண்டுமில்லை, எங்கட வேப்பங்கொட்டையில இருந்து எடுக்கிற அசாடிராக்டின்! கனடா வனத்துறை ஆராய்ச்சிக்காரரும் சேர்ந்துதான் அதை கொண்டு வந்தவை. கேட்டோன்ன எனக்கு சிரிப்பு வந்திட்டுது, அம்மா அந்தக் காலத்தில செடிக்கு கரைச்சு ஊத்தினதை இங்க ஊசியில ஏத்தினம்.

ஆனா நேரம் வேற. உங்கட எமமெக்டின் மாதிரி கன நாள் நிக்காது, மரத்துக்குள்ள கரைஞ்சு போயிடும். அது புழுவை தோல் உரிக்க விடாது, வண்டு திண்டா முட்டை சரியா பொரிக்காது. அதால புழு சின்னனா இருக்கேக்க குடுக்க வேணும், இங்க ஜூன் தொடங்கி ஓகஸ்ட் கடைசி வரைக்கும் போடுவினம். வண்டு கூடின இடமெண்டா வருஷா வருஷம், இல்லாட்டி ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம். கடையில விக்கிற வேப்பெண்ணையை வாங்கி மரத்தில அடிச்சா சரிவராது, உள்ளுக்கு போகாது, சொல்லிப்போட்டன்.

காட்டுமனசு | ஆகஸ்ட் 25
எல்லாரும் மருந்து மருந்துன்னு பேசறீங்க, நான் எதிர்க்கட்சி. விட்டுடுங்கன்னு சொல்றேன். மரங்கொத்தி புழுவ கொத்தி எடுக்குது, இந்த வண்டோட முட்டையையும் புழுவையும் அழிக்கற குட்டி குளவிங்கள சீனாவுல இருந்து கொண்டு வந்து 2007ல இருந்து விட்டுட்டு இருக்காங்க, இயற்கை சமன் பண்ணிக்கும். இமிடாக்ளோப்ரிட் தேனீக்கு விஷம்னு உலகத்துக்கே தெரியும், அதை போய் மண்ணுல ஊத்தணுமா?

டெட்ராய்ட்_பழசு | ஆகஸ்ட் 25
தம்பி, எங்க தெருவுல யாரும் மருந்து போடல, விட்டுட்டாங்க. இப்ப ஒரு பெரிய ஆஷ் கூட இல்ல. அந்த குளவி நல்ல விஷயம், நான் மறுக்கல, ஆனா டெட்ராஸ்டிகஸ்ங்கற முக்கியமான குளவியோட முட்டை வைக்கற ஊசி குட்டை, தடிச்ச பட்டைய துளைக்க முடியாது, அதனால 5 இஞ்சுக்கும் கம்மியான இளசு மரத்துலதான் அதோட வேலை. அடுத்த தலைமுறை ஆஷ் கன்னுங்களுக்கு அது காவல். பெரிய மரத்துக்குன்னு ரஷ்யாவோட கிழக்குல இருந்து இன்னொரு குளவி, ஸ்பாதியஸ் கலினே, 2015ல அனுமதி வாங்கி விட்டிருக்காங்க. அது பெருகி வர்ற வரைக்கும் வாசல்ல நிக்கற மரம் காத்திருக்காது.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 25
தேனீ விஷயத்துல காட்டுமனசு சொல்றதுல நியாயம் இருக்கு. ஆஷ் காத்துல மகரந்தம் பரப்பற மரம், ஆனா வசந்தத்துல தேனீ அதோட மகரந்தத்தை எடுக்கறதும் உண்டு. அதை விட பிரச்சனை என்னன்னா மரத்தடில பூச்செடி வச்சிருந்தா வேர்ல ஊத்தின மருந்து அந்த செடிக்கும் ஏறிடும். சுத்தி பூ இருந்தா மண்ணு மருந்தே வேணாம், ஊசிதான். குளம், கிணறு பக்கமும் அதேதான். மண்ணுல ஊத்தற மாதிரி இருந்தா முதல்ல மரத்தடில பரப்பியிருக்கற மல்ச்ச, அதாவது மரத்தூள் மூடாக்க, ஒதுக்கி வச்சுட்டு அடிமரத்தை ஒட்டி ஒன்றரை அடிக்குள்ள மண்ணுலயே படற மாதிரி ஊத்தணும். மண்ணு சேறா இருந்தாலும் வேணாம், வெடிச்சு காஞ்சிருந்தாலும் வேணாம். அக்டோபர்லயும் ஊத்தலாம்னு லேபிள்ல இருக்கும், ஆனா வசந்தத்துல ஊத்தறது கம்மி அளவுல அதிக பலன் தருது, இலையுதிர் காலத்துல ஊத்தினா அதிகபட்ச அளவு தேவைப்படுது. அதனால என் ஓட்டு வசந்தத்துக்கு.

ஒரு ஜாலியான விஷயம், வண்டு வந்துடுச்சான்னு கண்டுபிடிக்க இங்க ஒரு உள்ளூர் குளவிய கவனிப்பாங்க, செர்செரிஸ். அது பேஸ்பால் மைதானத்து மணல்ல கூடு கட்டும், இந்த பச்சை வண்டுகள பிடிச்சுட்டு வந்து உள்ள வைக்கும். தன்னார்வலர்கள் வலையோட மைதானத்துல உக்காந்துட்டு குளவி என்ன கொண்டு வருதுன்னு பாப்பாங்க. நம்ம ஊர்க்காரங்க பசங்க மேட்ச் பாக்க போறப்ப சும்மா உக்காந்திருக்கறதுக்கு இதை பண்ணலாம்.

மேப்பிள்நிழல் | ஆகஸ்ட் 26
ரொம்ப நன்றி எல்லாருக்கும். முன்மரம் 24 இஞ்ச், பின்மரம் 11. முன்மரத்துல கால்வாசி காஞ்சிருக்கும்னு தோணுது. குளிர் பத்தி யாரும் சொல்லலையே? எங்க வீட்டம்மா ஒரே பிடியா, ஜனவரில எல்லாம் செத்துடும் எதுக்கு காசுங்கறாங்க.

பனிக்காடு | ஆகஸ்ட் 26
நானும் மினசோட்டாதான், செயின்ட் பால்ல. 2009ல இங்க முதல்ல கண்டுபிடிச்சப்ப எல்லாரும் அதேதான் சொன்னோம், நம்ம குளிர்ல தாங்காதுன்னு. குளிர்காலத்துல அது முழுசா வளந்த புழுவா, உடம்பை ரெண்டா மடிச்சு மரத்துக்குள்ளயோ தடிச்ச பட்டைக்குள்ளயோ ஒரு சின்ன அறை பண்ணி படுத்திருக்கும், உடம்புல கிளிசரால் மாதிரி சரக்க சேத்து வச்சுக்கும், உறையாது. செல்சியஸ்ல -30 கிட்ட போனாதான் உறைஞ்சு சாகும். அதுவும் வெளிய காத்து -30 இருந்தா பட்டைக்குள்ள அவ்ளோ இருக்காது, காத்து குளிர்ச்சின்னு ரேடியோல சொல்றாங்களே அந்த விண்ட் சில் நம்பரும் புழுவுக்கு கிடையாது. கடுமையான வருஷத்துல நெறைய சாகும், உண்மை, மிச்சம் இருக்கறது மறுபடி பெருகிடும். குளிர்ல நமக்கு கிடைக்கற லாபம் வேற: நல்லா இருக்கற மரத்துல இங்க புழு முழுசா வளர ரெண்டு வருஷம் எடுத்துக்கும், அதனால மரம் கொஞ்சம் மெதுவா சாகுது, நமக்கு யோசிக்க நேரம் கிடைக்குது.

ஜனவரில ஒரு வேலை பண்ணுங்க, பின்மரத்தை நல்லா பாருங்க. மரங்கொத்தி புழுவ தேடி மேல்பட்டைய உரிச்சு போட்டா மரம் மேல வெளிர் மஞ்சளா திட்டு திட்டா தெரியும், இலை இல்லாதப்பதான் கண்ணுக்கு படும். இலை கொட்டறதுக்கு முன்னாடி தெரியற அறிகுறிய விட இது முன்கூட்டியே காட்டிக்குடுக்கும்.

மேப்பிள்நிழல் | ஆகஸ்ட் 28
முடிவு பண்ணிட்டோம். லைசென்ஸ் உள்ள இன்னொருத்தர் வந்து பாத்தார், முன்மரத்துக்கு இந்த வாரம் மழை பெஞ்சு மண்ணு ஈரமா இருக்கு, காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி எமமெக்டின் ஊசி போடறேன்னார். இஞ்ச் கணக்குலதான் காசு வாங்கறாங்க. பின்மரம் நல்லா இருக்கறதால அவசரம் இல்ல, வசந்தத்துல பாக்கலாம்னார்.

பனிக்காடு | ஆகஸ்ட் 28
நல்ல முடிவு. காஞ்ச கிளைய வெட்டறதை மட்டும் அக்டோபருக்கு தள்ளுங்க. மே முதல் செப்டம்பர் வரைக்கும் இங்க ஆஷ் மரத்துல கத்தி வைக்க வேணாம்னு சொல்லுவாங்க, வெட்டின கட்டைய வேற இடத்துக்கு எடுத்துட்டு போறப்ப வண்டு வழில பறந்துடும். ஆனா கிளை வீட்டு மேல தொங்குதுன்னா சீசன் பாக்காதீங்க. செத்த ஆஷ் சீக்கிரமே முறுமுறுன்னு ஆகிடும், மரமேறிங்க ஏறவே மாட்டேங்கறாங்க, கிரேன் வேணும்ங்கறாங்க, அதுக்கு தனி பில்லு.

மேப்பிள்நிழல் | மே 19
ரொம்ப நாள் கழிச்சு வர்றேன். பின்மரத்துல ஜனவரில உச்சிக்கிளைல ஒரே ஒரு இடத்துல மரங்கொத்தி உரிச்சிருக்கு. இன்னைக்கு அந்த வளர்வெப்ப நாள் மேப்ல 260 காட்டுது, ஆஷ் இப்பதான் இலை விட ஆரம்பிச்சிருக்கு. வேர்ல ஊத்தணுமா, ஊசியா? ஏற்கனவே லேட்டா?

கணக்குப்பிள்ளை | மே 19
11 இஞ்ச் மரம்தானே, அதுல ஏற அவ்ளோ நாள் ஆகாது. வெயில் எப்படி ஏறுதுன்னு பொறுத்து, 260ல இருந்து 450 வர ரெண்டு வாரம் போல ஆகலாம், வண்டு வந்து தின்னு முட்டை வச்சு பொரியறதுக்கு இன்னும் மூணு நாலு வாரம். இந்த வாரமே ஊத்தினா புது புழுவுக்கு முன்னாடி ஏறிடும், ஆனா முதல்ல வர்ற வண்டு இலைய கடிக்கறப்ப மருந்து அரைகுறையாதான் இருக்கும்.

டெட்ராய்ட்_பழசு | மே 19
மரங்கொத்தி காட்டிக்குடுத்த பிறகு வேர் மருந்து எதுக்கு. இலை முழுசா விரியட்டும், ஜூன் முதல் வாரம் ஊசி போட்டுடுங்க, முன்மரம் பண்ணவரையே கூப்பிட்டா ரெண்டையும் ஒரே கணக்குல பாத்துப்பார். முன்மரம் எப்படி இருக்கு?

மேப்பிள்நிழல் | மே 20
காஞ்ச கிளை எல்லாம் நவம்பர்ல எடுத்தாச்சு, மிச்சத்துல துளிர் வருது, இலை சைஸ் இப்ப சொல்ல முடியல. ஊசிக்கே சொல்லிட்டேன், ஜூன் 4. வெட்டின கட்டை கொல்லைல அடுக்கி கிடக்கு, ஜூலைல வடக்க ஏரிக்கு கேம்பிங் போறோம், எடுத்துட்டு போய் எரிச்சுடலாமா?

பனிக்காடு | மே 20
ஐயோ வேணாம். பட்டையோட இருக்கற கட்டைக்குள்ள அந்த புழு இந்நேரம் கூட்டுப்புழுவாகிட்டு இருக்கும், மரத்தை வெட்டினாலும் வெளிய வரும். ஆஷ் கட்டைய வெளிய கொண்டு போறதுக்கு இருந்த மத்திய அரசு தடைய 2021 ஜனவரில எடுத்துட்டாங்கங்கறதால விறகு எங்கயும் கொண்டு போலாம்னு அர்த்தம் இல்ல, மாநில விதி தனி. கவுண்டி மரக்கழிவு யார்டு வாங்கிக்குதான்னு போன் பண்ணி கேளுங்க, இல்லன்னா மெஷின்ல ஒரு இஞ்சுக்கும் கம்மியான துண்டா சிப் போட சொல்லுங்க, அதுல எதுவும் பிழைக்காது. ஏரில விறகு அங்கயே வாங்கிக்கோங்க. சிப் போடறதை ஜூன் 4 வரைக்கும் தள்ளாதீங்க, இந்த வாரமே பண்ணுங்க, 450க்கு முன்னாடி.